விளிம்புக் கட்டில் மோதிய லொறி: முன் அச்சுச் சேதங்களைக் கண்டறிதல் பற்றிச் சில குறிப்புகள்

வீதியோர விளிம்புக் கட்டிலே லொறியொன்றின் முன் சில்லு மோதுதல் பத்திரிகைச் செய்தியாகும் தகைமை உடையதன்று. எவருக்கும் காயமில்லை, ஏற்றிய பொருளுக்குச் சேதமில்லை. சாரதி இறங்கி, ரயரைக் காலால் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, மீண்டும் ஏறிப் புறப்படுகிறார். சில நாட்களின் பின்னர் லொறி ஒரு பக்கமாக இழுக்கத் தொடங்குகிறது. அல்லது புதிதாகப் போட்ட ரயர் சில வாரங்களிலேயே ஒரு விளிம்பில் தேய்ந்துவிடுகிறது. அல்லது, அரிதாக எனினும், வளைவொன்றிலே சுக்கானைத் திருப்பும்பொழுது சில்லு திரும்பாது போகிறது. இவ்வேளையிலேதான் 'யார் உடைத்தது?' என்னும் வினா எழுகிறது. லொறித் தொழிலின் வழக்கத்தை அறிந்தோர், இவ்வினாவுக்குரிய விடை பல வேளைகளில் ஆராய்வின்றியே அளிக்கப்படுவதையும் அறிவர். கட்டிலே மோதியவர் சாரதி. எனவே உடைத்தவரும் சாரதி. ஆகவே கழிக்கப்படுவதும் அவருடைய கூலியே.

இத்தருக்கத்தின் முதற்படி உண்மை. இரண்டாவது படி நிறுவப்பட வேண்டியது. அதனை நிறுவுதற்கோ மறுத்தற்கோ வேண்டிய சான்று லொறியின் முன்பகுதியிலேயே கிடக்கிறது. அச்சான்றை வாசிக்கும் முறையினை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இலக்கிய மாணவன் ஒருவன் இதனை எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின் ஏட்டுச் சுவடியொன்றின் சிதைவுகளிலே செல்லரித்தது எது, ஏடெழுதியோன் பிழைத்தது எது, பிற்காலத்தவர் திருத்திக் கெடுத்தது எது எனப் பகுத்துக் காணும் பயிற்சி நமக்குப் புதிதன்று. சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த காலந்தொட்டு நாம் பெருமைப்பட்டு வரும் பயிற்சி அது. கராஜிலே எண்ணெய்க் கையுடன் அதே பகுப்பைச் செய்பவருக்கு ஆராய்ச்சியாளர் என்னும் பெயரை நாம் வழங்குவதில்லை என்பது வேறு விடயம்.

முதலில் அமைப்பினை நோக்குவாம். நம் வீதிகளில் ஓடும் நடுத்தர, கனரக லொறிகளிற் பெரும்பாலானவற்றின் முன் அச்சு, ஒரே துண்டாக அடித்து உருவாக்கப்பட்ட உருக்கு வளையாகும். அதன் மேல் இரு பக்கமும் பட்டைவில்கள் அமர்ந்திருக்கும். யூ போல்ற்றுகள் அவற்றை இறுக்கிப் பிடித்திருக்க, வில்லின் நடு போல்ற்றின் தலை அச்சிலுள்ள குழியிற் பொருந்தி, அச்சு முன்பின்னாக நகராது காக்கும். அச்சின் இரு முனைகளிலும் கிங் பின் எனப்படும் தடித்த முளைகள் உள்ளன. சில்லைத் தாங்கும் ஸ்ரப் அக்சில் இம்முளையைச் சுற்றியே திரும்புகிறது. ஒவ்வொரு ஸ்ரப் அக்சிலிலிருந்தும் ஒரு கை பின்னோக்கி நீண்டிருக்கும். அவ்விரு கைகளையும் அச்சின் பின்புறமாகக் குறுக்கே இணைப்பது ரை றொட். வலப்பக்கத்து ஸ்ரப் அக்சிலுக்கு மட்டும் இன்னொரு கை உண்டு. அதனைச் சுக்கான் பெட்டியிலிருந்து தொங்கும் ட்றொப் ஆமுடன் இணைப்பது ட்றாக் லிங்க் என்னும் நெடுங்கோல். (கராஜிலே வழங்கும் பெயர்களையே ஈண்டு கையாள்கிறேன். கலைச்சொற் பட்டியல்களிலே அழகிய மாற்றுச் சொற்கள் இருக்கலாம். அவற்றைச் சொன்னால் உதிரிப்பாகக் கடையில் எதுவும் கிடைக்காது.)

இவ்வமைப்பிலே மனங்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. சாரதி வலப்பக்கத்தில் அமர்ந்திருக்கும் நம் லொறிகளில் அவருடைய கை நேரடியாக ஆள்வது வலச்சில்லை மட்டுமே. இடச்சில்லு தன் கட்டளையை ரை றொட் வழியாகவே பெறுகிறது. நாம் வீதியின் இடப்பக்கமாகச் செல்வதால் விளிம்புக் கட்டிலே மோதுவது பெரும்பாலும் இடச்சில்லேயாகும். எனவே அடியானது சுக்கானை அடையுமுன் ரை றொட்டைக் கடந்தாக வேண்டும்.

அக்கைகள் இரண்டும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக அமையாது பின்னோக்கிச் செல்லுகையில் உட்புறமாகச் சாய்ந்திருப்பதும் காரணத்துடனேயே. வளைவிலே உட்சில்லு சிறிய வட்டத்திலும் வெளிச்சில்லு பெரிய வட்டத்திலும் ஓடுகின்றமையால் உட்சில்லு சற்றுக் கூடுதலாகத் திரும்ப வேண்டும்; கைகளின் சாய்வு இதனைச் சாதிக்கிறது. இதனை 1817இலே அமைத்தவர் மியூனிக் நகரத்து வண்டி வினைஞரான கேயோர்க் லங்கென்ஸ்பெர்கர். 1818இலே இலண்டனில் அதற்குரிய காப்புரிமையைப் பெற்றவர் அவருடைய முகவரும், சித்திரங்களும் நூல்களும் வெளியிட்டு வாழ்ந்தவருமான ருடோல்வ் அக்கர்மன். உலகம் இன்றும் இதனை அக்கர்மன் அமைப்பு என்றே அழைக்கிறது. ஆக்கியோனுக்கும் வெளியீட்டாளனுக்கும் இடையிலான இவ்வகை உறவு நம் வாசகருக்கு விளக்கம் வேண்டாதது.

இனி, மோதலின்போது நிகழ்வது யாது? கட்டு இடச்சில்லைப் பின்னோக்கித் தள்ளுகிறது. தள்ளும் விசை கிங் பின்னுக்கு வெளியே விழுவதால் சில்லின் முன்பகுதி இடப்புறமாகத் திரும்ப முயல்கிறது. அதனால் பின்னோக்கி நீண்ட கை வலப்புறம் நகர்ந்து ரை றொட்டை நெருக்குகிறது. அவ்விசை வலச்சில்லையும் திருப்பி, ட்றாக் லிங்க் வழியே சுக்கான் பெட்டிக்குள் ஏறி, இறுதியிற் சாரதியின் கையிலுள்ள சுக்கான் வளையத்தைச் சடுதியாகச் சுழற்றுகிறது. அனுபவமுள்ள சாரதிகள் பெருவிரலை வளையத்தின் குறுக்குச் சட்டங்களுக்குள் நுழையவிடாது வெளியே வைத்துப் பிடிப்பது இதனாலேயே. வேகம் இருமடங்காகும்போது மோதலின் சக்தி நான்கு மடங்காகிறது என்பதையும் மறத்தலாகாது. மணிக்கு 10 கிலோமீற்றரில் நிகழ்ந்த உரசலும் 40இல் நிகழ்ந்த மோதலும் ஒரே வகைக்குரியன அல்ல.

ஆய்வு மோதிய இடத்திலேயே தொடங்க வேண்டும். ரயரின் பக்கச்சுவரிலே, வெளிப்புறத்தை மட்டுமன்றி உட்புறத்தையும், வெட்டோ புடைப்போ உண்டா எனக் காணல் வேண்டும். கட்டுக்கும் றிம்முக்கும் இடையில் நசுங்கிய ரயரின் உள்ளிழைகள் அறுந்திருப்பின் அவ்விடம் பின்னர் புடைத்தெழும். அப்புடைப்பு உடனே தோன்றாது சில மணி நேரத்தின் பின்னரோ மறுநாளோ தோன்றுதலும் உண்டு. றிம்மின் விளிம்பு, சில்லின் நட்டுகள், யூ போல்ற்றுகள் ஆகியவற்றையும் அப்பொழுதே பார்த்துவிடலாம். துரு மூடிய பகுதியிலே புதிதாகப் பளபளக்கும் கோடொன்று தென்படுமாயின் அங்கே ஏதோ நகர்ந்திருக்கிறது. கையோ றொட்டோ கண்ணுக்குத் தெரியுமளவு வளைந்திருந்தாலும், வெடிப்புத் தோன்றினாலும், சுக்கானில் வழக்கத்துக்கு மாறான தளர்ச்சியோ இறுக்கமோ இருந்தாலும் அந்த லொறி ஓட்டப்படலாகாது. இழுத்துச் செல்லப்பட வேண்டும். இழுப்புக்கூலி யாருடையது என்ற கேள்வியே பல சாரதிகளை மீண்டும் ஏறி ஓட்டச் செய்கிறது என்பதையும் கூறியாக வேண்டும்.

கராஜிலே செய்யத்தக்க முதல் அளவை எளியது. முன்சில்லுகளை ஜக்கினால் உயர்த்திச் சுழற்றி, ஒவ்வொரு ரயரின் நடுவிலும் வெண்கட்டி பூசி, ஆணி முனையால் ஒரு மெல்லிய கோடு கீற வேண்டும். பின்னர் இறக்கிச் சிறிது தூரம் முன்னே தள்ளி, இரு கோடுகளுக்கும் இடைப்பட்ட தூரத்தைச் சில்லின் மைய உயரத்திலே முன்னாலும் பின்னாலும் அளக்க வேண்டும். இவ்வகை லொறிகளில் முன்தூரம் பின்தூரத்திலும் ஓரிரு மில்லிமீற்றர் குறைவாயிருத்தல் பொது வழக்கு; சரியான அளவைத் தயாரிப்பாளரின் கைந்நூல் கூறும். மோதலின் பின் முன்தூரம் கூடியிருப்பின், அதாவது சில்லுகள் முன்னால் விரிந்திருப்பின், முதற் சந்தேகம் ரை றொட்டின் மீதே விழ வேண்டும். நெருக்குண்டு வில்லாக வளைந்த கோல், முனைக்கு முனை குறுகிவிடுகிறது. குறுகிய கோல் சில்லுகளின் பின்பகுதிகளை நெருங்கச் செய்து முன்பகுதிகளை விரிக்கிறது. இந்நிலையில் ஓடிய ரயரின் உள்விளிம்பு தேயும். தேய்ந்த பரப்பைக் குறுக்காகக் கையாற் தடவினால் ஒரு திசையிலே வழுவழுப்பாகவும் மறுதிசையிலே அரம் போலவும் இருக்கும்.

இவ்விடத்திலேதான் மிகப் பரவலான தவறு நிகழ்கிறது. ரை றொட்டின் முனைகள் திருகு உடையவை. அவற்றைச் சற்றுத் திருகினால் நீளம் கூடும், அளவு சரியாகும். பத்து நிமிட வேலை. லொறி நேராக ஓடும். பற்றுச்சீட்டிலே 'அலைன்மென்ற் செய்யப்பட்டது' என எழுதப்படும். ஆயின் வளைந்த கோல் வளைந்தே இருக்கிறது. நேரான கோல் நெருக்கு விசையைத் தன் நீளவாக்கிலே தாங்கும். வளைந்த கோலோ அடுத்த நெருக்கிலே மேலும் வளையவே செய்யும். குறி மறைந்துவிட்டது, நோய் மறையவில்லை. எனவே அளவைத் திருத்துவதற்கு முன் அளவு ஏன் மாறியது என்பதைக் காணல் வேண்டும். கோலின் பக்கத்திலே நேரான சட்டமொன்றை வைத்துப் பார்த்தால் வளைவு வெளிப்பட்டுவிடும்.

கோல் நேராயிருந்தும் அளவு மாறியிருப்பின் கைகளை நோக்க வேண்டும். வளைந்த கை தன்னைக் காட்டிக்கொள்ளும் இடம் நேர்வீதியன்று, வளைவு. சுழல்தட்டுகள் உள்ள கராஜிலே ஒரு பக்கம் 20 பாகை திருப்பி மறு சில்லின் பாகையை அளந்து, பின்னர் எதிர்ப்பக்கமும் அவ்வாறே செய்து ஒப்பிட வேண்டும். இரு பக்க வேறுபாடுகளும் ஒவ்வாதிருந்தால் லங்கென்ஸ்பெர்கரின் சாய்வு குலைந்துவிட்டது, அதாவது ஏதோ ஒரு கை வளைந்துவிட்டது எனக் கொள்ளலாம்.

மாறாக, சில்லுகளின் அளவு சரியாயிருக்க, நேராக ஓடும்பொழுது சுக்கான் வளையம் மட்டும் கோணலாக நிற்குமாயின் சேதம் ரை றொட்டிலன்று. சுக்கான் பெட்டிக்கும் வலச்சில்லுக்கும் இடையிலாயிருக்கலாம். ட்றாக் லிங்க் வளைந்திருக்கலாம்; ட்றொப் ஆம் வளைந்திருக்கலாம்; அதனைத் தாங்கும் தண்டு முறுக்குண்டு அதன் பற்கள் திருகியிருக்கலாம்; பெட்டியைச் சட்டத்துடன் பிணைக்கும் போல்ற்றுகள் தளர்ந்திருக்கலாம். அல்லது அச்சே நகர்ந்திருக்கலாம். நடு போல்ற் அறுந்து அச்சின் இடமுனை பின்வாங்கியிருப்பின் லொறி இடப்பக்கமாக இழுக்கும். முன்சில்லின் மையத்திலிருந்து பின்சில்லின் மையம்வரை இரு பக்கமும் தூக்குக்குண்டு விட்டு நிலத்திலே குறித்து அளந்தால் இது ஐயத்துக்கிடமின்றித் தெரியும். அச்சு நகர்ந்த லொறிக்கு ரை றொட்டைத் திருகிப் பயனில்லை. சில்லின் மேற்பகுதி வழமைக்கு மேலாக வெளியே சாய்ந்து நிற்பின் கட்டு அதன் அடிப்பகுதியைப் பக்கவாட்டாக உள்ளே தள்ளியிருக்கிறது. ஸ்ரப் அக்சிலோ அச்சின் முனையோ வளைந்திருக்கலாம்.

அசைவுகளைப் பொறுத்தவரை இரு சோதனைகள் போதுமானவை. லொறி நிலத்திலே நிற்க, ஒருவர் சுக்கானை இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாக ஆட்ட, மற்றவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டாகப் பார்க்க வேண்டும். ஒரு பகுதி அசைந்தும் அதனுடன் பிணைந்த மறுபகுதி அசையாதும் நின்றால் தேய்வு அங்கேயே. பின்னர் சில்லை உயர்த்தி மேலும் கீழும் பிடித்து ஆட்ட வேண்டும். தளர்ச்சி தென்படின் உதவியாளரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுக. தளர்ச்சி மறைந்தால் அது சில்லின் பெயாரிங்குக்குரியது. மறையாவிடின் கிங் பின்னுக்குரியது. பிரேக்கை மிதிப்பதனாலே இரண்டு காரணங்களைப் பிரித்துவிடும் இவ்வுத்தி ஆய்வுகூடத்துப் பரிசோதனை எதற்கும் குறைந்ததன்று. கிங் பின்னின் தேய்வு ஒரு மோதலால் உண்டாவதில்லை என்பதையும் ஈண்டு குறித்துக்கொள்ளல் வேண்டும். அது கிறீஸ் காணாத மாதங்களின் கணக்கு.

வளைந்த பகுதிகளை என் செய்வது? கைகளும் அச்சும் ஸ்ரப் அக்சிலும் சூடேற்றிக் குளிர்வித்துப் பதப்படுத்திய உருக்கினால் ஆனவை. செந்நிறமாகக் காய்ச்சி நிமிர்த்தினால் வடிவம் மீளும், பதம் மீளாது. வளைந்த கையும் கோலும் மாற்றப்பட வேண்டியன; அச்சு வளையை, தயாரிப்பாளர் அனுமதிக்கும் எல்லைக்குள், குளிர்ந்த நிலையிலே தகுந்த அமுக்கியால் மட்டுமே நிமிர்த்தலாம். இவ்விதி நம் மெக்கானிக்குகளுக்குத் தெரியாததன்று. 2020 மார்ச்சிலே வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டு, 2025இலே மீளத் திறக்கப்படும்வரை பழைய லொறிகளே ஓடியாக வேண்டியிருந்தது. 2022இன் அந்நியச் செலாவணி நெருக்கடியிலே உதிரிப்பாகங்களின் விலையும் எட்டாத உயரத்துக்குச் சென்றது. அக்காலத்திலே தீயிற் காய்ச்சி நிமிர்த்திய கைகள் எத்தனையோ இன்னும் வீதியில் ஓடுகின்றன. இதனைப் 'படிப்பறிவற்றோர் வேலை' என இகழ்வது நடுத்தர வர்க்கத்தின் பழைய வழக்கம். அதனை மறுக்கப் புகுந்த முற்போக்காளர் சிலர் மறுபுறம் சென்று, தட்டுப்பாட்டிலே பிறந்த இவ்வொட்டு வேலைகளையெல்லாம் மக்களின் படைப்பாற்றல் எனப் போற்றுவதும் உண்டு. பதமிழந்த உருக்கு முறியும்போது சுக்கானின் பின்னால் இருப்பவரும் உழைப்பாளியே என்பதை அன்னோர் எண்ணிப்பார்த்தல் நன்று.

முறிவைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். 1842 மே 8ஆம் நாள் வெர்சேல்சிலிருந்து பாரிசுக்குத் திரும்பிக்கொண்டிருந்த புகைவண்டியின் இயந்திர அச்சு மியுடோன் என்னுமிடத்தில் முறிந்தது. தடம் புரண்டு தீப்பற்றிய பெட்டிகளின் கதவுகள் வெளியிலிருந்து பூட்டப்பட்டிருந்தமையாற் பலர் உள்ளேயே மாண்டனர். நன்றாக ஓடிக்கொண்டிருந்த அச்சு திடீரென முறிவதேன் என்பது அக்காலப் பொறியியலாளரைக் கலங்கச் செய்த வினா. இரும்பு நாளடைவில் தன் உள்ளமைப்பே மாறிப் பளிங்காகிவிடுகிறது எனப் பலர் நம்பினர். 1843இலே ராங்கின் என்னும் ஸ்கொத்லாந்துப் பொறியியலாளர், சிறு வெடிப்பொன்று விளிம்பிலே தோன்றிப் படிப்படியாக உட்செல்வதையும், எஞ்சிய உலோகம் சுமை தாங்காத கட்டத்திலே அச்சு முறிவதையும் எடுத்துக்காட்டினார். பிரஷ்யப் புகையிரதப் பொறியியலாளரான வோலர் பின்னர் பல்லாண்டுக் காலம் சோதனை நடத்தி, மீண்டும் மீண்டும் வரும் சிறு சுமைகளே இதற்குக் காரணமாதலை நிறுவினார். அளவு மாற்றம் பண்பு மாற்றமாகும் என்னும் இயங்கியல் விதிக்கு எடுத்துக்காட்டாக இதனைக் காட்டும் ஆசை எனக்கும் எழவே செய்கிறது. உருக்கின் மீது சூத்திரத்தை ஏற்றுவதைக் காட்டிலும் உருக்கு காட்டுவதைப் பார்ப்பது மேல்.

அது காட்டுவது இது. ஒரே அடியில் முறிந்த துண்டின் முகம் முழுவதும் ஒரே தன்மையதாய், மணல்மணலாய், வெளிறிப் பளிச்சென்றிருக்கும். களைத்து முறிந்த துண்டின் முகத்திலே இரு பகுதிகள் உண்டு. ஒன்று வழுவழுப்பானது, கடல் வற்றிய மணலிலே அலை விட்டுச் சென்ற வரிகளைப் போல வில்வளைவான கோடுகள் அதில் இருத்தல் கூடும், எண்ணெயும் அழுக்கும் நுழைந்து கறுத்தோ, துருவேறிக் கபிலமாகவோ இருக்கும். மற்றது இறுதியில் முறிந்த புதிய பகுதி. முதற்பகுதி எவ்வளவு பெரிதோ அவ்வளவு காலம் அவ்வெடிப்பு அங்கே இருந்திருக்கிறது. முறியாத பகுதியிலும் வெடிப்பு ஒளிந்திருக்கலாம். அழுக்கு நீக்கி மண்ணெண்ணெய் பூசிச் சிறிது நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, வெண்கட்டித் தூளைத் தடவிவிட்டால், வெடிப்புக்குள் நின்ற எண்ணெய் கசிந்து மெல்லிய கருங்கோடாகத் தூளிலே தோன்றும். பழைய புகையிரதப் பட்டறைகளின் முறை இது. செலவு சில ரூபாய்களே.

எனது மைத்துனர் ஒருவர் லொறிச் சாரதி. சில ஆண்டுகளுக்கு முன்னர் வெங்காயம் ஏற்றிக்கொண்டு தெற்கே செல்லுகையில், நகரொன்றின் சுற்றுவட்டத்திலே, எதிரே குறுக்கிட்ட முச்சக்கர வண்டியைத் தவிர்க்கப் போய் இடச்சில்லைக் கட்டிலே மோதிவிட்டார். நான்கு நாட்களின் பின் இறக்குமிடத்து வாசலிலே, நடையிலும் மெதுவாகத் திரும்பும்பொழுது, இடப்பக்கத்துக் கை முறிந்தது. நெடுவீதியிலே முறியாதது அவருடைய நற்காலம். பாகமும் இழுப்புக்கூலியும் தம் சம்பளத்திலே கழிக்கப்படும் என்ற செய்தி அன்று மாலையே வந்துவிட்டது. கழற்றிய கராஜிலே இருந்த முதிய மெக்கானிக், துண்டை வெளிச்சத்திலே திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இது நாலு நாளிலை முறிஞ்ச முறிவில்லை. மூண்டிலை ரெண்டு பங்கு கறுத்துப்போய்க் கிடக்குது. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டு."

"அப்ப நான் கட்டிலை அடிச்சதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லையோ, அண்ணை?"

"இல்லையெண்டு சொல்லேலாது. மிச்சம் இருந்த ஒரு பங்கை நீ அடிச்ச அடி குறைச்சிருக்கும். ஆனா அந்த ரெண்டு பங்கு உன்ரையில்லை."

நான் அறிந்த காரணவிளக்கங்களிலே இதனினும் நேர்மையானதைக் கண்டதில்லை. சாரதிக்குச் சார்பாகப் பேச வேண்டும் என்பதற்காக அவர் மோதலின் பங்கை மறைக்கவில்லை. மேலும் ஒன்று செய்தார்: இரு துண்டுகளின் முகங்களையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க விடாது, பொருத்தினால் அடையாளம் நசியும் எனக் கூறி, கிறீஸ் தடவிச் சீலையிலே சுற்றிக் கொடுத்தார். அந்தக் கை முன்னொருமுறை காய்ச்சி நிமிர்த்தப்பட்டிருந்ததும், அது என் மைத்துனர் அந்த லொறியிலே வேலைக்குச் சேர்வதற்கு முற்பட்டதென்பதும் பின்னர் தெரியவந்தன.

முதலாளி வந்தார், துண்டைப் பார்த்தார், "கட்டிலை அடிச்சது நீதானே" என்றார். நீண்ட பேச்சின் பின்னர் பாகத்தின் விலையை அவர் ஏற்றார். இழுப்புக்கூலியைச் சம்பளத்திலே கழித்தார். துண்டு இன்னும் மைத்துனரின் வீட்டிலே, சீலை சுற்றியபடி, சாமி அறை இறாக்கையின் கீழ்த் தட்டிலே இருக்கிறது.